எவ்வளவும் பேசலாம், ஒரே கட்டணம்!

எங்கள் கடைத் தெருவில் முன்னர் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. 2003ஆம் ஆண்டளவில் ஒரு நாள் மாலை, அந்தக் கடைக்காரர் எனது ஹாட்வெயார் கடைக்கு வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். என்னை விட வயதில் மூத்தவர். நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"தம்பி, நாளாந்தம் துண்டு எழுதி மாசக் கடைசியில கணக்குப் பார்க்கிறது உங்களுக்கும் தலையிடி, எனக்கும் தலையிடி. மாசம் ஆயிரத்து எண்ணூறு ரூபா தாங்க. கடையில உள்ள ஆக்கள் எவ்வளவும் குடிக்கட்டும்" என்றார்.

நான் மனக்கணக்குப் போட்டேன். அப்போது பிளேன்டீ ஒன்று ஐந்து ரூபா. எங்கள் கடைக்கு நாளொன்றுக்குப் பதினைந்து கோப்பை. மாதம் 26 நாள் என்றால் 1,950 ரூபா. 150 ரூபா மிச்சம், துண்டு எழுதும் தொல்லையும் இல்லை. உடனே சரி என்றேன். பக்கத்துக் கடைக்காரர்களும் தங்கள் தங்கள் கணக்குக்கு ஏற்றபடி சேர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கதையின் முடிவைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அமெரிக்காவுக்கு ஒருமுறை போய் வருவோம். நானா எங்கள் தெருவில் செய்ததையே அங்குள்ள பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2008ஆம் ஆண்டு நாடு முழுவதும் செய்தன. அவற்றின் அனுபவத்தில் நமது வியாபாரிகளுக்கு நல்ல பாடம் இருக்கிறது.

ஒரே நாளில் மூன்று அறிவிப்புகள்

2008 பெப்ரவரி 19ஆம் திகதி வெரைசன் நிறுவனம் ஓர் அறிவிப்பை விடுத்தது. மாதம் 99 டொலர் 99 சதம் கட்டினால் கையடக்கத் தொலைபேசியில் நாட்டின் எந்தப் பகுதிக்கும் எவ்வளவு நேரமும் பேசலாம். அதே நாளில் ஏடீ அன்ட் டீ நிறுவனமும் அதே விலையில் அதே திட்டத்தைக் கொண்டு வந்தது. டீ-மொபைல் நிறுவனமும் அன்றே அதே விலைக்கு வந்து, எஸ்.எம்.எஸ். செய்திகளையும் அளவில்லாமல் சேர்த்துக் கொடுத்தது. பெப்ரவரி 28ஆம் திகதி ஸ்பிரின்ட் நிறுவனம் அதே 99.99 டொலருக்குப் பேச்சு, செய்தி, இணையம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது.

அந்நாட்டில் அதுவரை இருந்த முறையை அறிந்தால்தான் இதன் பெறுமதி விளங்கும். அங்கு கையடக்கத் தொலைபேசிக்கு மாதாந்தம் இத்தனை நிமிடம் என்று ஒரு கட்டு வாங்க வேண்டும். வெளியே எடுக்கும் அழைப்பு மட்டுமல்ல, உள்ளே வரும் அழைப்பும் அந்த நிமிடத்தில் கழியும். நமது நாட்டிலும் உள்வரும் அழைப்புக்குக் காசு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. மிஸ்ட் கோல் கொடுத்துப் பழகிய நமக்கு அந்த வலி தெரியும்.

பெரிய நிறுவனங்களின் கட்டுகள் பெரும்பாலும் இப்படி இருந்தன: 450 நிமிடம் 40 டொலர், 900 நிமிடம் 60 டொலர், 1,350 நிமிடம் 80 டொலர். கட்டு முடிந்த பின் பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 35 முதல் 45 சதம் வரை தனியாக அறவிடுவார்கள். கட்டுக்குள் பேசினால் நிமிடம் பத்துச் சதத்துக்கும் குறைவு. கட்டைத் தாண்டினால் ஐந்து, ஆறு மடங்கு. இந்த இடத்தில்தான் பாவனையாளர்கள் அடி வாங்கினார்கள். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, கையடக்கத் தொலைபேசி வைத்திருந்த ஆறு பேரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ மூன்று கோடிப் பேர், எதிர்பாராத பெரிய பில்லைக் கண்டு திகைத்தவர்கள்.

இந்த எண்ணம் 2008இல் திடீரென்று பிறந்ததல்ல. 1998இல் ஏடீ அன்ட் டீ மாதம் 89.99 டொலருக்கு 600 நிமிடம் கொடுத்து, வெளியூர்க் கட்டணம், ரோமிங் கட்டணம் இரண்டையும் நீக்கியது. 1999இல் டென்னஸி மாநிலத்தின் சட்டனூகா நகரில் கிரிக்கெட் என்ற பெயரில் ஒரு சேவை ஆரம்பமானது. மாதம் ஏறத்தாழ 30 டொலருக்கு, நகரத்துக்குள் எவ்வளவும் பேசலாம். பெரிய நிறுவனங்கள் கவனிக்காமல் விட்ட சிறிய வருமானக்காரர்களை அது பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் அதே சொல்லைக் கையில் எடுக்க ஒன்பது வருடங்கள் ஆகின.

வாடிக்கையாளர் என்ன சொன்னார்?

அறிவிப்பு வந்ததும் வாடிக்கையாளர்கள் மூன்று பக்கமாகப் பிரிந்தார்கள்.

முதலாவது, நாள் முழுவதும் தொலைபேசியில் வியாபாரம் செய்பவர்கள். விற்பனைப் பிரதிநிதிகள், தரகர்கள், கொந்தராத்துக்காரர்கள். மாதம் நூறு டொலருக்கு மேல் கட்டிக்கொண்டிருந்த இவர்களுக்கு அது பெருநாள் செய்தி. மறுநாளே திட்டத்தை மாற்றுவதில் அவர்களுக்கு இலாபம் இருந்தது.

இரண்டாவது, சாதாரண பாவனையாளர். அந்தக் காலத்தில் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைத்த சராசரி மாத வருமானம் ஏறத்தாழ 50 டொலர்தான். ஐம்பது கட்டுபவரிடம் வந்து, நூறு கட்டினால் எவ்வளவும் பேசலாம் என்றால் அவர் என்ன சொல்வார்? "நான் பேசுவதே இவ்வளவுதான், எனக்கு எதற்கு?" என்பார். இவரைப் பொறுத்தவரை இது விலைக்குறைப்பே அல்ல.

மூன்றாவது, குடும்பஸ்தர். திட்டம் ஓர் இணைப்புக்கு 99.99 டொலர். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 400 டொலர். ஏற்கனவே குடும்பமாக நிமிடங்களைப் பங்கிட்டுப் பேசும் திட்டத்தில் மேலதிக இணைப்பு ஒன்றைப் பத்து டொலருக்கு எடுத்திருந்தவருக்கு இது பயங்கர விலை. அந்த வயதுப் பிள்ளைகளோ பேசுவதை விட செய்தி அனுப்புவதுதான் அதிகம். செய்திக்கு வெரைசனும் ஏடீ அன்ட் டீயும் அந்த விலையில் இடம் கொடுக்கவில்லை.

நமது கணக்குப்பிள்ளை முறையில் ஒரு கணக்குப் பார்ப்போம். 1,350 நிமிடக் கட்டுக்கு 80 டொலர். மேலதிக நிமிடம் 35 சதம். நூறு டொலரைத் தொட இன்னும் 20 டொலர் வேண்டும். அது 57 நிமிடம். ஆகவே மாதம் ஏறத்தாழ 1,407 நிமிடத்துக்கு மேல் பேசுபவருக்குத்தான் புதிய திட்டம் இலாபம். இரவு நேரமும் வார இறுதியும் பழைய திட்டத்திலேயே இலவசம். எனவே இந்த 1,407 நிமிடமும் வேலை நாள் பகல் நேரத்தில் பேச வேண்டும். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால், நாளொன்றுக்கு 64 நிமிடம். அதற்குக் குறைவாகப் பேசுபவர் புதிய திட்டத்தில் சேர்ந்தால் அவருக்கு நட்டம்.

பங்குச் சந்தைக்கும் பயம் பிடித்தது. விலைப் போர் தொடங்கிவிட்டது என்று நினைத்து முதலீட்டாளர்கள் விற்க, அன்றைய தினம் இந்நிறுவனங்களின் பங்கு விலைகள் இறங்கின. ஒரு வருடத்துக்குள் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது தெரிந்தது. 2009 ஜனவரியில் ஸ்பிரின்ட் தனது பூஸ்ட் என்ற முற்கொடுப்பனவுச் சேவையில் 50 டொலருக்கே எவ்வளவும் பேசலாம் என்று அறிவித்தது. நூறு டொலருக்கு அசையாத சாதாரண பாவனையாளர் ஐம்பதுக்கு அசைந்தார்.

நட்டம் என்று தெரிந்தும் ஏன்?

இங்கேதான் வியாபாரிகள் கூர்ந்து பார்க்க வேண்டிய விடயம் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் நட்டம் என்று தெரியும் இடத்திலும் கணிசமானோர் ஒரே கட்டணத்தையே விரும்புகிறார்கள். 1980களில் வீட்டுத் தொலைபேசிப் பாவனையை ஆராய்ந்த பொருளியலாளர்களே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். 2006இல் லம்பிரெக்ட், ஸ்கியரா என்ற இரு ஆய்வாளர்கள் இணையச் சேவை வாடிக்கையாளர்களை ஆராய்ந்து அதற்கான காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றை நம் மொழியில் சொல்வதானால் மூன்று.

ஒன்று, பயம். இந்த மாதம் கூடிவிடுமோ என்ற பயத்தை நீக்க மனிதன் கொஞ்சம் அதிகம் கொடுக்கவும் தயார். இது ஒரு காப்புறுதி மாதிரி.

இரண்டு, மீற்றர் ஓடும் வேதனை. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரே டெக்ஸி மீற்றர் விளைவு என்பதுதான். மீற்றர் போட்ட முச்சக்கர வண்டியில் புறக்கோட்டையிலிருந்து தெஹிவளைக்குப் போய்ப் பாருங்கள். சமிக்ஞை விளக்கில் வண்டி நிற்கும்போதும் நம் கண் வெளியே போகாது, மீற்றரில்தான் இருக்கும். விலை பேசி ஏறியவரோ சாய்ந்து உட்கார்ந்து வருவார். அவர் ஐம்பது ரூபா அதிகம் கொடுத்திருக்கலாம். ஆனால் பயணத்தை அனுபவித்தவர் அவர்தான்.

மூன்று, தன்னைப் பற்றிய தப்புக் கணக்கு. நாம் அதிகம் பாவிப்போம் என்று நினைத்து வாங்குகிறோம், அவ்வளவு பாவிப்பதில்லை. டெலாவிக்னா, மால்மென்டியர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் 7,752 அங்கத்தவர்களின் பதிவுகளைப் பார்த்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டொலருக்கு மேல் கட்டிய அங்கத்தவர்கள் சராசரியாக மாதத்தில் நான்கைந்து தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்திருக்கிறது. பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்குப் பத்து டொலர்தான்.

ஆகவே வாடிக்கையாளர் வாங்குவது நிமிடத்தை மட்டுமல்ல, மனநிம்மதியையும்தான். அதற்கு அவர் விலை கொடுப்பார். இதை அறிந்த வியாபாரி இலாபம் காண்பான். ஆனால் இந்த நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு.

விற்றவர் பட்ட பாடு

அமெரிக்கா ஒன்லைன் என்ற இணையச் சேவை நிறுவனம் 1996 வரை ஐந்து மணித்தியாலத்துக்கு 9.95 டொலரும், அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு 2.95 டொலரும் வாங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் 19.95 டொலருக்கு மாதம் முழுவதும் எவ்வளவும் பாவிக்கலாம் என்றது. சனம் குவிந்தது. இணைப்பெடுத்தவர்கள் துண்டிக்கவே இல்லை. மற்றவர்களுக்கு இரவு பகலாக 'இலக்கம் பாவனையில் உள்ளது' என்ற சத்தம்தான் கேட்டது. கடைசியில் பல மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் தலையிட்டு, 1997 ஜனவரியில் வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுக்க நிறுவனம் இணங்க வேண்டி வந்தது.

அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமான நிறுவனம் 1981இல் இரண்டரை இலட்சம் டொலருக்கு, வாழ்நாள் முழுவதும் முதலாம் வகுப்பில் எவ்வளவும் பறக்கலாம் என்று ஓர் அட்டை விற்றது. உடனே காசு கிடைத்தது. ஆனால் அதை வாங்கியவர்கள் யார்? அடிக்கடி பறப்பவர்கள்தான். சிலர் ஆயிரக்கணக்கான தடவை பறந்தார்கள். 1994இல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். பின்னர் சிலரின் அட்டையை இரத்துச் செய்யப் போய், விடயம் நீதிமன்றம் வரை சென்றது.

அளவில்லை என்ற பலகையைப் பார்த்து முதலில் உள்ளே வருபவர் அதிகம் எடுப்பவராகத்தான் இருப்பார். குறைவாக எடுப்பவர் வெளியே நின்று யோசிப்பார்.

தொலைபேசி நிறுவனங்கள் பேச்சில் தப்பித்தன. மனிதனுக்கு ஒரு நாள் 24 மணித்தியாலம்தான், வாய் ஒன்றுதான். கோபுரமும் கம்பியும் போட்ட பிறகு மேலதிக நிமிடம் ஒன்றுக்கு ஆகும் செலவும் சொற்பம். ஆனால் இணையத்தில் மாட்டிக்கொண்டன. 2007இல் ஐபோன் வந்தபோது ஏடீ அன்ட் டீ அளவில்லா டேட்டா கொடுத்தது. மக்கள் படம் பார்க்கத் தொடங்கியதும் வலையமைப்பு திணறியது. 2010 ஜூனில் புதிய வாடிக்கையாளருக்கு அதை நிறுத்தி, 200 மெகாபைட் 15 டொலர், 2 கிகாபைட் 25 டொலர் என்று மீண்டும் அளந்து விற்றார்கள். வெரைசன் 2011 ஜூலையில் அதே வழிக்குப் போனது.

பழைய வாடிக்கையாளரிடம் கொடுத்த வாக்கு இருந்தது. அதை நேரடியாக மீற முடியவில்லை. 2011 முதல் ஏடீ அன்ட் டீ, ஓர் அளவுக்கு மேல் பாவித்தவர்களின் வேகத்தைக் குறைத்தது. அளவில்லைதான், ஆனால் ஆமை வேகம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014 ஒக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. முப்பத்தைந்து இலட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றும், போதிய அளவு அறிவிக்காமல் வேகத்தைக் குறைத்தது ஏமாற்று என்றும் குற்றம் சாட்டியது. 2019 நவம்பரில் நிறுவனம் ஆறு கோடி டொலர் கொடுக்க இணங்கி வழக்கை முடித்துக்கொண்டது.

வேகத்தைக் குறைத்ததை விட, அதைத் தெளிவாகச் சொல்லாமல் குறைத்ததே குற்றமாயிற்று என்பதைக் கவனியுங்கள். 2016இல் டீ-மொபைலும், 2017இல் வெரைசனும் ஏடீ அன்ட் டீயும் அளவில்லா டேட்டாவை எல்லோருக்கும் மீண்டும் கொண்டு வந்தபோது, 22 கிகாபைட், 26 கிகாபைட் என்று ஓர் எல்லையைச் சொல்லி, அதைத் தாண்டினால் நெரிசல் நேரத்தில் வேகம் குறையலாம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். நமது நாட்டு விளம்பரங்களிலும் 'அன்லிமிட்டட்' என்ற சொல் பழகிவிட்டது. அதன் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிக்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை.

நமக்கு என்ன பாடம்?

மாதாந்த ஒரே கட்டணம் தொலைபேசிக்கு மட்டுமானதல்ல. போட்டோகொப்பி இயந்திரப் பராமரிப்பு, கடைகளுக்கு லொறி ஒப்பந்தம், ஹோட்டல் பஃபே, இலவச டெலிவரி என்று நம்மில் பலர் இதைச் செய்கிறோம். செய்ய முன் இவற்றை யோசியுங்கள்.

1. இன்றைய பாவனையை வைத்து விலை போடாதீர்கள். அளவு எடுபட்ட பின் பாவனை கூடியே தீரும். இரண்டு மடங்கானாலும் தாங்குமா என்று பாருங்கள்.

2. மேலதிகமாகக் கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் கைக்காசு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். சொற்பம் என்றால் துணிந்து செய்யலாம். சீனியும் தேயிலையும் போல ஒவ்வொரு தடவையும் காசு போனால் கவனம்.

3. எல்லை இருந்தால் பெரிய எழுத்தில் முதலிலேயே சொல்லுங்கள். சஹன் ஒன்றுக்கு ஆறு பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதனால் விருந்தில் யாரும் சண்டை பிடிப்பதில்லை.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பேசுவோம் என்று ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லி, முடிந்தால் எழுதியும் வையுங்கள்.

5. நீங்கள் வாங்குபவராக இருந்தால், கடந்த மூன்று மாத பில்களை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். நிம்மதிக்காகக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது தவறல்ல. எவ்வளவு அதிகம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இனி நானாவின் கதை

முதல் மாதம் எல்லோருக்கும் சந்தோசம். இரண்டாம் மாதம் என் கடைப் பையன்கள் இரண்டு கோப்பைக்குப் பதில் நான்கு குடித்தார்கள். லொறியில் சாமான் இறக்க வந்தவர்களுக்கும் தேத்தண்ணி. சீமெந்து வாங்க வந்த மேசன்மாருக்கும் தேத்தண்ணி. "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க" என்று தாராளமாக உபசரித்தவன் நான்தான். காசு கொடுத்தவர் நானா.

நானா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தேத்தண்ணி வெளுத்தது. கோப்பை சிறுத்தது. பத்து மணிக்கு வர வேண்டிய பையன் பதினொன்றரைக்கு வந்தான். ஐந்தாம் மாதம் நான் தெருவில் நின்று, நாலு பேர் கேட்க, "வாங்கிற காசுக்கு ஒழுங்கா ஊத்தத் தெரியாதா நானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த மாதத்தோடு நாங்கள் எல்லோரும் நிறுத்தினோம். கொஞ்ச நாளில் அந்தக் கடையையும் வேறொருவர் எடுத்தார்.

பிறகு ஒரு நாள் கடைப் பையனிடம் விசாரித்தேன். நாளொன்றுக்கு நாற்பது கோப்பைக்குக் குறையாமல் வந்தது என்றான். 26 நாளுக்கு 1,040 கோப்பை. ஆயிரத்து எண்ணூறு ரூபாவை அதால் பிரித்தேன். கோப்பை ஒன்று ஒரு ரூபா எழுபத்து மூன்று சதம். ஐந்து ரூபாச் சாமானை அந்த விலைக்குக் குடித்துவிட்டு, அந்த மனிதரைத் தெருவில் வைத்துப் பேசியிருக்கிறேன்.

அவர் செய்ததும் சரியல்ல. தேத்தண்ணியில் தண்ணீரைக் கூட்டாமல் என்னிடம் வந்து, "தம்பி, கட்டுப்படியாகல்ல" என்று சொல்லியிருக்கலாம். நானும் மாதக் கடைசியில் காசை நீட்டும்போது, "நானா, கணக்குச் சரி வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் தெருவில் அந்தத் தேத்தண்ணிக் கடை இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கும்.

அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் உட்கார வைத்து எனக்குத் தேத்தண்ணி தந்தார். நல்ல சாயம்.